அழகான கையெழுத்தில் ஒரு ஸ்கோர் நோட்டு

எங்கள் பள்ளியின் ஸ்கோர் நோட்டுகள் பல ஆண்டுகளாக மிக அழகான கையெழுத்தில் இருந்தன. குறுவட்டப் போட்டிகளுக்கு வரும் மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வாங்கிப் பார்த்துப் பாராட்டுவார்கள். கட்டம் போட்டு, தலைப்புகளுக்குச் சிவப்பு மை பூசி, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். அதை எழுதியவர்கள் எல்லாரும் நான் விளையாட விடாத பிள்ளைகள். ஒருவனுக்குக் காலில் காலிப்பர் என்ற தாங்குசட்டம், ஒருவனுக்குப் பார்வை மங்கல், ஒரு பெண்ணுக்கு வலிப்பு. "நீ நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுது மக்களே" என்று அன்பாகத்தான் சொல்வேன். எழுதி எழுதியே அவர்கள் கையெழுத்து அப்படித் தேர்ந்தது.

நான் 18 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்கும் கருங்கலுக்கும் இடையே உள்ள ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை. பட்டப் படிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்கல்வி என்று ஒரு பகுதி இருந்தது. குறைபாடுகளின் வகைகளை வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அப்படி ஒரு பிள்ளைக்குக்கூடப் பந்து எறியக் கற்றுக்கொடுக்காமலேயே பட்டமும் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை விளையாடவைப்பது பற்றி நாகர்கோவிலில் ஐந்து நாள் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தபோது, மழைக்காலம், மைதானத்தில் எப்படியும் தண்ணீர் நிற்கிறது, போய் வரலாமே என்றுதான் கிளம்பினேன். இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகள் யாருக்கும் நான் பெயர் எழுதவில்லை. ஊர் சின்னது, பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயிற்சியாளர்களில் ஒருவர் பார்வையற்றவர். முதல் நாள் தேநீர் இடைவேளையில் அவர் படி இறங்கப் போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "டீச்சர், என்னை எங்கே கடத்திக்கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டார். கூடம் முழுவதும் சிரித்தது. பிறகு சரியான முறையைக் காட்டினார். நாம் அவரைப் பிடிக்கக் கூடாது. அவர் நம் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார். நாம் அரை அடி முன்னால் நடந்தால் போதும். நம் உடம்பு படியில் இறங்குவது அவர் கைக்குத் தெரிந்துவிடும். ஓட்டப் பந்தயத்திலும் இதே கணக்குதான். வழிகாட்டியும் ஓட்டக்காரரும் ஒரு சின்னக் கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து ஓடுவார்கள். வழிகாட்டி இழுக்கக் கூடாது, முடிவுக் கோட்டை அவர் முதலில் தொடவும் கூடாது.

அன்று மதியம் எங்கள் கண்களைக் கட்டி நடக்கவைத்தார்கள். இந்தப் பாடத்தில் எனக்கு இன்றும் உடன்பாடு கிடையாது. பத்து நிமிடம் கண்ணைக் கட்டினால் பயம் ஒன்றுதான் தெரியும். பிறந்ததிலிருந்து அப்படியே வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. கட்டை அவிழ்த்ததும் இரண்டு ஆசிரியைகள் அழுதுவிட்டார்கள். அழுதவர்கள் ஊருக்குப் போய் அந்தப் பிள்ளைகளை இன்னும் பத்திரமான நிழலில் உட்காரவைப்பார்களே என்றுதான் எனக்குக் கவலை வந்தது.

மறுநாள் ஆடிய கோல்பால் வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான ஆட்டம் அது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், அணிக்கு மூன்று பேர், உள்ளே மணி ஒலிக்கும் 1.25 கிலோ பந்து. எல்லாருக்கும் கண் மறைப்பு உண்டு. ஆகவே ஓரளவு பார்வை இருப்பவருக்குச் சலுகையும் இல்லை, சங்கடமும் இல்லை. தரையில் கயிற்றை வைத்து மேலே டேப் ஒட்டிவிட்டால் கோடு எங்கே என்று விரலுக்கும் காலுக்கும் தெரியும். பந்து உருளும்போது பார்ப்பவர்கள் மூச்சுவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்துக்காரர்களை வாய்மூடி ஆட்டம் பார்க்கவைப்பதுதான் இதில் பெரிய சிரமம்.

மூன்றாம் நாள் வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவர் ஒரு வீடியோ போட்டார். அதில் ஒரு சிறுவன் தரையிலிருந்து எழுந்திருக்கிறான். முதலில் கவிழ்ந்து நான்கு காலில் நிற்கிறான். பிறகு கையை முழங்காலில் ஊன்றுகிறான், அடுத்து தொடையில் ஊன்றுகிறான். தன் உடம்பின் மீதே தான் ஏறுவதுபோல ஏறி நிமிர்கிறான். அரை நிமிடம்கூட இருக்காது. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அந்த எழுச்சியை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன். பிரேயர் வரிசைக்கு எப்போதும் கடைசியில் வருவான். நுனிக்காலில் நடப்பான், அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் இரண்டும் நல்ல உருண்டையாகத் திரண்டிருக்கும். இவ்வளவு நல்ல காலை வைத்துக்கொண்டு சோம்பேறித்தனம் செய்கிறானே என்று எனக்குக் கோபம். தண்டனை என்று சொல்லக் கூடாது அல்லவா, அதனால் "கால் பலப்படும்" என்று சொல்லி அவனைத் தோப்புக்கரணம் போடவைத்திருக்கிறேன். ஒரு நாள் 20. இன்னொரு நாள் மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கவைத்தேன்.

வீடியோவில் காட்டியது டுஷேன் வகைத் தசைச் சிதைவு நோய். அதில் கெண்டைக்கால் பருத்துத் தெரியும். பார்க்கப் பலம்போல இருக்கும். உள்ளே தசை நார்கள் அழிந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரிழையும் சேர்கின்றன. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும். மற்றப் பிள்ளைகளுக்குப் பலம் தரும் பயிற்சி இவர்களுக்குக் கெடுதல் செய்யும். களைக்கக் களைக்க வேலை வாங்குவது கூடாது. படி இறங்குவது, உட்கார்ந்து எழுவது போன்றவை தசையை இன்னும் கிழிக்கும். நான் செய்யவைத்தது அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தது. மருத்துவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அவன் வீட்டுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது. அந்த வாரமே அவன் அம்மாவோடு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். பரிசோதனைகள் முடிந்து உறுதியாகச் சில மாதங்கள் ஆயின.

உடற்கல்வி ஆசிரியர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை எப்படி ஓடுகிறது என்பதைவிட, விழுந்த பிறகு எப்படி எழுந்திருக்கிறது என்று பாருங்கள். பெற்றோரும் வகுப்பாசிரியரும் பார்க்காத கோணம் அது. நாள் முழுவதும் பிள்ளைகள் விழுவதையும் எழுவதையும் பார்க்கிற வேலை பள்ளியில் நமக்குத்தான் இருக்கிறது.

பயிற்சியின் சாரமாக நான்கு சொற்களைக் கொடுத்தார்கள்: இடம், செயல், கருவி, ஆட்கள். ஓர் ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்றால், இந்த நான்கில் ஒன்றை மாற்று. பிள்ளையை மாற்ற நினைக்காதே. கேட்க எளிதாக இருந்தது. பள்ளிக்குத் திரும்பியபோதுதான், நான் முதலில் மாற்ற வேண்டிய கருவி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

விசில் இல்லாமல் ஒரு பி.டி. டீச்சரைக் கற்பனை செய்து பாருங்கள். எனக்கும் முடியவில்லை. ஆனால் காது கேளாத பெண்ணுக்கு அது கேட்பதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள பையனுக்கு அது கேட்ட மாத்திரத்தில் கை கால் விறைத்து, பிடித்த பந்து நழுவிவிடும். அவன் நரம்பு அப்படித்தான் திடுக்கிடும், பழக்கத்தால் போகாது. ஆட்டிசம் உள்ள பையன் காதைப் பொத்திக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடுவான். மூன்று பேரையும் 'ஒத்துழைப்பதில்லை' என்று நான் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் கட்டி வைத்திருக்கிறேன். கொடி உயர்ந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். பார்த்தவர்கள் கையைத் தூக்க வேண்டும். கையைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள். பார்வையில்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டுவார். முதல் வாரம் கேலிக்கூத்தாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் விசிலைவிடச் சீக்கிரமாக மைதானம் அடங்கியது. விசில் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போட்டிக்குப் போகும்போது மட்டும் எடுக்கிறேன்.

காது கேளாத அந்தப் பெண் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் கடற்கரையில் கால்பந்து சோறு மாதிரி. நடக்கத் தொடங்கிய பிள்ளை மணலில் பந்தை உதைக்கும். அவளுக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். எனக்குத்தான் அவளிடம் பேசத் தெரியவில்லை. காலை வகுப்பில் கிழக்கே முதுகைக் காட்டி நின்று பேசுவேன். சூரியன் அவள் கண்ணில் அடிக்கும். என் முகம் அவளுக்கு வெறும் கறுப்பு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற பிள்ளைக்கு அது விளக்கை அணைத்துவிட்டுப் பாடம் நடத்துவதற்குச் சமம். இப்போது வெயில் என் முகத்தில் விழும்படி நிற்கிறேன். செய்துகாட்டும்போது பேசுவதில்லை, பேசும்போது செய்துகாட்டுவதில்லை. அவளால் ஒரே நேரத்தில் என் காலையும் வாயையும் பார்க்க முடியாது. இதனால் மற்ற 40 பிள்ளைகளுக்கும் பாடம் தெளிவாகப் புரிந்தது என்பதைச் சற்று வெட்கத்தோடு சொல்கிறேன்.

காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளும் இப்போது பள்ளிகளுக்கு வருகிறார்கள். அவர்களைத் தலையால் பந்து முட்டவிடாதீர்கள். தலையில் அடிபட வாய்ப்புள்ள ஆட்டங்களுக்கு முன்னால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

இனி கிளித்தட்டு. பயிற்சியில் வெளிநாட்டு ஆட்டங்கள் நிறையக் காட்டினார்கள். பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் எனக்கு நம் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கிளித்தட்டில் மறிப்பவர் தன் குறுக்குக்கோட்டை விட்டு நகர மாட்டார். கிளி மட்டும் நடுக்கோட்டில் ஓடும். அப்படியானால் ஊன்றுகோலோடு வரும் பையனுக்கு அந்த ஆட்டத்தில் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறதே! காலிப்பர் போட்ட ஏழாம் வகுப்புப் பையனை ஒரு கோட்டில் நிறுத்தினேன். கோட்டின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஊன்றுகோல் நுனி தொட்டாலும் அவுட் என்று விதி வைத்தேன். விதி நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கெடுத்துவிட்டார்கள். பாவம் என்று நினைத்து அவனிடம் வந்து வேண்டுமென்றே மாட்டிக்கொண்டார்கள். நான்காவது ஆள் அப்படி வந்தபோது அவன் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை அவனிடமே கேட்டேன், எப்படி ஆடலாம் என்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "கோட்டை இன்னும் கொஞ்சம் நீளமாக்குங்கள் டீச்சர். ஊன்றுகோலால் தொட்டால் அவுட் வேண்டாம், கைதான் படவேண்டும். என்னிடம் மாட்டுகிறவனுக்கு இரண்டு புள்ளி குறையட்டும்" என்றான். நான் எளிதாக்கிக் கொடுத்ததை அவன் மறுபடி கடினமாக்கினான். இரண்டு புள்ளி போகும் என்றதும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளி முழு மூச்சோடு ஆடியும் ஆட்டம் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் இப்போது என் அளவுகோல். பார்வை மங்கலான பிள்ளைக்காகக் கோட்டுக்குள் தென்னை நார்க் கயிற்றைப் புதைத்து வைத்தோம். அவள் காலால் தடவியே தன் இடத்தைக் கண்டுகொள்வாள். ஓடுகிறவர்கள் அவள் கோட்டைத் தாண்டும்போது காலில் சலங்கை கட்டியிருக்க வேண்டும். ஆண்டு விழாவுக்கு வாங்கிப் போட்டிருந்த சலங்கை சும்மாதான் கிடந்தது.

பந்து செய்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பொச்சியா என்ற ஆட்டத்தை மழைக்கால ஆட்டமாக நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வராந்தாவில் ஆடக்கூடியது எதுவானாலும் எனக்கு வரம். வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, ஆறு சிவப்புப் பந்துகளையும் ஆறு நீலப் பந்துகளையும் அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கோலிக்குண்டு ஆடியவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். முறையான களம் 12.5 மீட்டருக்கு 6 மீட்டர். வராந்தாவில் அதில் பாதிதான் கிடைத்தது. வெளியே வாங்கும் பந்துகள் விலை அதிகம். பழைய சாக்ஸில் பச்சரிசி நிரப்பித் தைத்தேன். பந்தின் எடை 275 கிராம் அளவில் இருக்க வேண்டும் என்பதால் பலசரக்குக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் எலிகள் இரு அணிகளையும் பாரபட்சமின்றித் தின்று முடித்திருந்தன. அடுத்து மணல். மணவாளக்குறிச்சிக் கருமணல் நல்ல கனம், சின்னப் பந்திலேயே எடை வந்துவிடும் என்று ஒரு சக ஆசிரியர் யோசனை சொன்னார். மோனசைட் என்ற கதிரியக்கத் தாது கலந்த மணலைச் சாக்ஸில் கட்டிப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் சலித்த ஆற்று மணலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிச் சாக்ஸில் போட்டேன். அவை இன்றும் இருக்கின்றன.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு உதவியது என் தாய்மாமா. அவர் அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசான். அடிமுறையில் முதலில் அடியும் கிடையாது, தடுப்பும் கிடையாது, வெறும் சுவடு. ஒரு காலை எங்கே வைப்பது, அடுத்த காலை எங்கே கொண்டுவருவது என்பதை மட்டும் நாள்கணக்கில் செய்யவைப்பார். பயிற்சியில் செயலைத் துண்டு துண்டாகப் பிரி என்று சொன்னபோது, இது மாமாவின் சுவடுதானே என்று நினைத்தேன். கூடையில் பந்து போடு என்பது ஒரு கட்டளைபோலத் தெரிகிறது. பந்தைப் பார்ப்பது, பிடிப்பது, திரும்புவது, கையை உயர்த்துவது, குறிபார்ப்பது, விடுவது என்று ஆறு வேலை அதில் ஒளிந்திருக்கிறது. மாமாவிடம் இல்லாத ஒரு தந்திரத்தையும் பயிற்சியில் கற்றேன்: கடைசித் துண்டிலிருந்து தொடங்குவது. பிள்ளையின் கையைப் பந்தோடு கூடைக்கு நேர் மேலே கொண்டுபோய்விட்டு, விடு என்று சொன்னேன். பந்து கூடையில் விழுந்தது. முதல் முயற்சியிலேயே வெற்றி. பிறகு ஓரடி பின்னால், மறுபடி ஓரடி பின்னால். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் ஒரு பருவம் முழுவதும் ஆறடிதான் பின்னால் வந்தாள். அந்த ஆறடியில் ஒருமுறைகூடத் தோற்றவளாக அவள் வகுப்புக்குத் திரும்பவில்லை.

அவளைப் பற்றிச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு முள்ளெலும்புகளின் பிணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, நீரில் தலை முன்னால் பாய்வது எதுவும் வேண்டாம். நடை திடீரென்று மாறினாலோ கழுத்து வலி என்றாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. இரும்பால் ஒரு பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று இருக்கிறது. ஆண் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளில் நான் அதைப் பார்த்ததில்லை. போலியோ மாதிரிக் கால் சூம்பிய ஒரு பெண், மூன்றாவது பாட வேளைக்குள் தலை சுற்றுகிறது என்பாள். இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பார்த்தால், காலையில் நிரப்பியது நிரப்பியபடியே இருந்தது. பள்ளிக் கழிப்பறைக்கு இரண்டு படி. உள்ளே குந்தி உட்கார வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போகும்வரை சிறுநீர் வராமல் இருக்கவே அவள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏழு ஆண்டுகளாக! ஒரு சாய்தளமும் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தில் வந்தன. தலைசுற்றல் போய்விட்டது. பயிற்சித் திட்டம் போடுவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள்.

எல்லாம் எளிதாக நடக்கவில்லை. "யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது, டீச்சர்?" என்று கேட்டார் அப்போதிருந்த தலைமையாசிரியர். நியாயமான பயம்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவை அச்செடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்று கல்வி நிலையங்களைப் பற்றி அதில் தெளிவாக இருக்கிறது. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. இரத்தம் உறையாத நோயும் தலசீமியாவும் அதில் அடக்கம். அதாவது, பார்த்தால் ஒன்றும் தெரியாத பிள்ளையும் நம் வரிசையில் நிற்கலாம். தலைமையாசிரியர் படித்துவிட்டு, மருத்துவச் சான்று வாங்கிவரச் சொன்னார்.

அந்தச் சான்றில்தான் நான் அடுத்த பாடம் படித்தேன். "இந்தப் பிள்ளை விளையாடலாமா?" என்று கேட்டு அனுப்பினால் எந்த மருத்துவரும் "ஓய்வு தேவை" என்றுதான் எழுதுவார், அவருக்கு நம் வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாதே. கேள்வியை மாற்றினேன். எந்த அசைவுகளைத் தவிர்க்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இளைப்பாற வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று மூன்று வரி எழுதி, கீழே நான்கு ஆட்டங்களின் பெயரையும் எழுதி அனுப்பினேன். பதில்களும் உருப்படியாக வந்தன.

டிசம்பர் 3-ஆம் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி நடக்கும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன். ஓடி முடித்ததும் எவர்சில்வர் தட்டு, புகைப்படம், சாப்பாடு. குறை சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அன்று திருவிழா. ஆனால் ஆண்டில் ஒரு நாள் ஓடுவதற்கு யாரும் பயிற்சி எடுப்பதில்லை. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு வந்தபிறகு எங்களுக்குத் தேதி குறித்துத் தயாராக ஒரு காரணம் கிடைத்தது. மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய படம் எங்கள் வராந்தாவில் ஒட்டியிருக்கிறது. அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் அவர் பதக்கம் வாங்கினார். படம் ஒட்டுவது எளிது. செவ்வாய்க்கிழமை நான்காவது பாட வேளையில் இந்தப் பையனுக்கு என்ன வேலை என்று எழுதிவைப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை.

ஸ்கோர் நோட்டு இப்போது சுற்றில் போகிறது. வரிசை எண்படி ஒவ்வொருவரும் ஒரு வாரம் எழுத வேண்டும், அணித் தலைவன் உட்பட. பார்க்கச் சகிக்காது. தோப்புக்கரணம் போட்ட அந்தப் பையன் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறான். கை விரலில் இன்னும் வலு இருக்கிறது. பொச்சியாவில் யார் எந்த வரிசையில் எறிய வேண்டும் என்று தீர்மானிக்கும் அணித் தலைவன் அவன்தான். அவனுடைய வாரம் வரும்போது மட்டும் நோட்டு பழைய அழகோடு இருக்கும். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "எதற்கு டீச்சர்?" என்றான். நினைவில்லை என்கிறானா, வேண்டாம் என்கிறானா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, பள்ளிக்கே வராத ஒரு பிள்ளை. அருமனைக்கு மேலே ரப்பர்த் தோட்டத்துச் சரிவில் வீடு. 13 வயது, மூளை முடக்குவாதம், பேச்சு இல்லை. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது; சிறப்பாசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பாடம் நடத்துகிறார். சனிக்கிழமைகளில் அவருடைய ஸ்கூட்டரில் நானும் தொற்றிக்கொண்டேன். பொச்சியாவில் பந்தைக் கையால் எறிய முடியாதவர்களுக்கு ஒரு பிரிவு உண்டு. அவர்கள் சாய்வான ஓடையில் பந்தை வைத்து உருட்டுவார்கள். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியான அவன் அப்பா, கமுகந்தடியைப் பிளந்து உள்ளே குடைந்து, கண்ணாடிபோல வழுவழுப்பாகத் தேய்த்து ஓர் ஓடை செய்து கொடுத்தார். அதை இடமும் வலமும் நகர்த்தவும் பந்தை எடுத்து வைக்கவும் ஒருவர் துணைக்கு உட்காரலாம். ஆனால் விதி ஒன்று உண்டு. துணைக்கு இருப்பவர் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, தானாக எதுவும் சொல்லக் கூடாது. எங்கே, எவ்வளவு உயரத்திலிருந்து, எப்போது என்பதெல்லாம் ஆடுகிறவர் முடிவு.

அம்மாதான் துணைக்கு உட்கார்ந்தார். 13 ஆண்டுகளாக அவன் எப்போது சாப்பிட வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்துவந்தார். முற்றத்தில் வெள்ளைப் பந்து கிடந்தது. அவன் கண்ணை வலது பக்கம் ஓட்டினான். அம்மா ஓடையை வலப்பக்கம் நகர்த்தினார். போதாது, இன்னும் என்று கண் காட்டியது. நகர்த்தினார். அவன் கண்ணை மூடித் திறந்தான்; அதுதான் 'சரி'. முன்கையால் பந்தை இடித்தான். பந்து கமுகோடையில் சரசரவென்று இறங்கி முற்றத்து மண்ணில் உருண்டது.

"எங்கே போனது டீச்சர், பக்கத்திலா?" என்று அம்மா கேட்டார். கழுத்து பாதி திரும்பிவிட்டது.

"திரும்பாதீர்கள் அக்கா. அவனிடம் கேளுங்கள்."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தார். அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் அம்மாவுக்கு எந்தச் சைகையும் காட்டவில்லை. பிறகு கண்ணை இடது பக்கம் ஓட்டினான், அடுத்த பந்துக்காக.